'ஏன்?' என்ற கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? வேலையிடப் பாகுபாட்டுச் சட்டங்கள் இயங்கும் விதம்

மேலாளருக்கு உங்களைப் பிடிக்கவில்லை. உங்களைவிட அனுபவம் குறைந்தவருக்குப் பதவி உயர்வு போய்விட்டது. அநியாயம்தான். ஆனால் இது சட்டவிரோதமா என்று கேட்டால், பெரும்பாலான நாடுகளில் பதில் 'இல்லை' என்றுதான் வரும். முதலாளி முன்கோபியாக இருக்கலாம், ஆளை எடைபோடத் தெரியாதவராக இருக்கலாம், கூடப் படித்தவருக்குச் சலுகை காட்டலாம். பாகுபாட்டுச் சட்டம் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. அது பார்ப்பது ஒரு குறிப்பிட்ட வகைக் காரணத்தை மட்டும்: பெண் என்பதால், இந்தச் சாதி என்பதால், இந்த மதம் என்பதால், கர்ப்பமாக இருப்பதால், மாற்றுத்திறனாளி என்பதால், வயதாகிவிட்டது என்பதால்.

இது தெரியாமல் புகார் எழுதுகிறவர்கள் உண்டு. மேலாளரின் கெட்ட குணங்கள் பத்துப் பக்கத்துக்கு வரிசையாக இருக்கும். 'என்பதால்' மட்டும் எங்கும் இருக்காது. வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதை யார், எவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வியைச் சுற்றித்தான் அறுபது எழுபது ஆண்டுகளாக இந்தச் சட்டங்கள் வளர்ந்து வந்திருக்கின்றன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை 1958இல் வந்தது. இந்தியா 1960இல் அதை ஏற்றது. இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசிய வழி, சமூகப் பிறப்பு என ஏழு காரணங்களை அது சொல்கிறது. இவற்றின் அடிப்படையில் செய்யப்படும் எந்த வேறுபாடும் வேலை வாய்ப்பிலோ வேலையில் நடத்தப்படும் முறையிலோ சமத்துவத்தைக் கெடுக்கும் விளைவை உண்டாக்கினால் அது பாகுபாடு. 'விளைவு' என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். முதலாளியின் மனதில் என்ன இருந்தது என்று அந்த வரையறை கேட்கவில்லை. நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்தப் பட்டியலில் வயதும் உடற்குறையும் இல்லை. பின்னால் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தன. அமெரிக்கா 1967இல் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தனிச் சட்டம் போட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு 1990இல். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒன்பது அடையாளங்களைப் பாதுகாக்கிறது. சாதி அந்த ஒன்பதில் இல்லை. அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் 2013இல் முடிவெடுத்தது. அரசோ 2018இல், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. 2014இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சில சூழல்களில் சாதி 'இனவழி' என்பதற்குள் அடங்கும் என்று சொல்லியிருந்ததே அதற்குப் பிடிமானம். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதியை வெளிப்படையாகப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். போதும் என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சட்டத்தில் பெயர் இல்லாத புகாரோடு வருகிறவர், தனக்கு நடந்தது பாகுபாடுதான் என்று வாதாடவே பாதி வழக்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

எழுதி வைத்திருந்த காலம்

ஒரு காலத்தில் பாகுபாட்டை நிரூபிப்பது சுலபம். விதிப் புத்தகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். இந்திய வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லவும் வழி இருந்தது. சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது. ஆணுக்கும் குடும்பம் உண்டுதானே என்ற எளிய கேள்விதான் அதில் மையம். இரண்டே ஆண்டு கழித்து ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதியை அப்படியே விட்டுவைத்தது. இன்றைக்குப் படித்தால் திகைப்பாக இருக்கும்.

இப்போது யாரும் அப்படி எழுதி வைப்பதில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் 'தகுதியான பலர் விண்ணப்பித்திருந்தனர்' என்று மட்டும் இருக்கும். உள்ளே நடந்ததை வெளியிலிருந்து காட்டச் சோதனை ஒன்று உண்டு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5000 கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் ஒரே மாதிரி, பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயர்போலத் தெரிந்தவற்றுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. 2007இல் இந்தியத் தனியார் நிறுவன விளம்பரங்களை வைத்து இதே போன்ற ஆய்வு வெளியானது. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது.

ஆனால் இதைத் தனி ஒருவர் செய்துகாட்ட முடியாது. அவர் கையில் இருப்பது அந்த ஒரு நிராகரிப்புக் கடிதம் மட்டும். காரணம் முழுக்க நிறுவனத்தின் கோப்புகளுக்குள் இருக்கிறது. அங்கேதான் சட்டம் ஒரு வேலை செய்தது.

1973இல் மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பின மெக்கானிக் ஒருவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர், நிறுவனத்துக்கு எதிராகச் சாலை மறியலில் கலந்துகொண்டவர், பிறகு அதே நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர். நீதிமன்றம் அந்த வழக்கில் ஒரு படிவரிசை வகுத்தது. தொழிலாளி காட்ட வேண்டியது கொஞ்சம்தான்: நான் பாதுகாக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவன், வேலைக்குத் தகுதி இருந்தது, நிராகரித்தார்கள், அதற்குப் பிறகும் இடத்தைக் காலியாக வைத்து ஆள் தேடினார்கள். இவ்வளவு காட்டிவிட்டால் பந்து முதலாளி பக்கம் போகிறது. அவர் முறையான ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னபின், அது வெறும் சாக்கு என்று காட்டுவது மறுபடி தொழிலாளியின் வேலை.

அமெரிக்க முறையில் கடைசிப் பொறுப்பு தொழிலாளி தலையில்தான் நிற்கிறது. பிரிட்டன் இன்னும் ஒரு படி போயிற்று. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்கப் போதுமான தகவல்கள் இருந்து, முதலாளி 'நடக்கவில்லை' என்று நிரூபிக்கவும் தவறினால், நடந்ததாகவே தீர்ப்பாயம் கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்று இதற்கு அடித்தளம் போட்டது. கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் பதில் சொல்லாமல் மௌனமாக இருந்தே வழக்கை ஜெயித்துவிடலாம் என்ற வசதி இதனால் முதலாளிக்குப் போய்விட்டது.

கொக்குக்குத் தட்டில் பால்

இனி இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்நிறுவனத்தின் ஒரு நிலையத்தில் ஐந்து பிரிவுகள் இருந்தன. கறுப்பினத்தவருக்கு 'லேபர்' பிரிவில் மட்டுமே இடம். அங்கே மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்கூட மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தை எட்டவில்லை. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிய நிபந்தனை கொண்டுவந்தது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு திறன்தேர்வுகளிலும் தேற வேண்டும். நிபந்தனை எல்லாருக்கும் ஒன்றுதான். கறுப்பர், வெள்ளையர் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை.

ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள். கறுப்பின ஆண்களில் 12 சதவீதம்தான். இன்னொன்று, சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளை ஒழுங்காகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அந்தச் சான்றிதழ் எதற்கு?

1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தொழிலாளர் பக்கம் நின்றது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை. பார்வைக்குப் பொதுவான விதியும் ஒரு பிரிவினரை வெளியே தள்ளுமானால், அது அந்த வேலைக்குத் தேவையானது என்று முதலாளிதான் காட்ட வேண்டும் என்றது. தீர்ப்பில் நாம் சிறுவயதில் கேட்ட கதை ஒன்றும் வருகிறது: நரியும் கொக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தட்டில் பால் ஊற்றி வைத்துவிட்டு, சமமாகத்தானே பரிமாறினோம் என்று சொல்ல முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

இதைத்தான் மறைமுகப் பாகுபாடு என்கிறோம். எண்ணத்தை நிரூபிக்கும் சுமை இங்கே தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. கனடாவில் இதற்கு இன்னும் கூர்மையான வழக்கு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் பணியில் மூன்று ஆண்டு நன்றாக வேலை பார்த்த பெண்ணுக்குப் புதிய உடற்தகுதித் தேர்வு வைத்தார்கள். 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவருக்கு 49.4 வினாடி கூடுதலாகியது, வேலை போயிற்று. அந்த ஓட்ட அளவு தீயணைக்கும் வேலையோடு உண்மையில் எப்படிப் பொருந்துகிறது என்று அரசால் காட்ட முடியவில்லை. 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் திரும்பச் சேர்க்கும் உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது. ஓட்டத் தேர்வே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அளவுகோலை வைப்பவர் அதற்குக் காரணம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் இந்தக் கருத்து உச்ச நீதிமன்றத்தில் விரிவாக ஏற்கப்பட்டது 2021இல், ராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கில். நிரந்தரப் பணிக்கு அவர்களிடம் குறிப்பிட்ட மருத்துவத் தகுதியைக் கேட்டார்கள். ஆண் அதிகாரிகளுக்கும் அதே தகுதிதான். ஆனால் ஆண்களை அதில் சோதித்தது பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளவயதில். பெண்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பே பல ஆண்டு மறுக்கப்பட்டிருந்ததால், அவர்கள் சோதனைக்கு வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. டியூக் பவர் தீர்ப்பும் அதில் எடுத்தாளப்பட்டது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட எண்ணமே இல்லாதவரைக் குற்றவாளியாக்குகிறது என்பது ஒரு வாதம். 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று, இவ்வகை வழக்குகளைப் பின்னுக்குத் தள்ளும்படி அரசு அமைப்புகளுக்குச் சொன்னது. 1991இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டத்திலேயே எழுதிவைத்த பகுதியை ஆணையால் அழிக்க முடியாது. ஆனால் அரசு கைவிட்டுவிட்டால் செலவும் அலைச்சலும் தனிநபருடையதாகிவிடும்.

கொக்குக் கதையின் மறுபக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம். அங்கே வேறு பாத்திரத்தில் பரிமாறுவது முதலாளியின் கடமையாகவே ஆகிறது: சாய்தளம், திரை வாசிக்கும் மென்பொருள், மாற்றிய வேலை நேரம் என்று தேவைக்கேற்ப. அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதவரை, அந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்குகிறது.

தொல்லையும் பழிவாங்கலும்

வேலையில் பாலியல் தொல்லையும் பாகுபாடுதான் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற சமூகப் பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதன் பின்னணியில் வந்தது 1997இன் விசாகா தீர்ப்பு. பாதுகாப்பான வேலையிடம் இல்லாவிட்டால் சமத்துவ உரிமையே இல்லை என்று அது சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற மேலும் 16 ஆண்டு எடுத்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் உள் புகார்க் குழு வேண்டும். தலைமையில் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் செய்ய மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சிறிய இடங்களில் வேலை பார்ப்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

எழுத்தில் நல்ல சட்டம்தான். ஆனால் குழுவை அமைப்பது நிறுவனம்; குழுவில் இருப்பவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் நிறுவனம். வெளி உறுப்பினர் உறுதியானவராக இருந்தால்தான் அது குழு. இல்லாவிட்டால் மனிதவளத் துறையின் இன்னொரு பெயர்ப்பலகை என்பது என் கருத்து.

புகார் கொடுத்தவருக்கு அப்புறம் என்ன நடக்கும்? பெரும்பாலோர் வாய் திறக்காததற்கு இந்தக் கேள்விதான் காரணம். அதனால் உருப்படியான எந்தச் சட்டத்திலும் பழிவாங்கலைத் தனிக் குற்றமாகவே வைத்திருப்பார்கள். மூலப் புகார் தோற்றாலும், நல்லெண்ணத்தோடு புகார் செய்ததற்காகத் தண்டித்தார்கள் என்று காட்டினால் அந்த வழக்கு தனியாக நிற்கும். அமெரிக்கச் சமவாய்ப்பு ஆணையத்துக்கு 2020இல் வந்த புகார்களில் பாதிக்கு மேல் பழிவாங்கலைக் குறிப்பிட்டவை. அங்கே ரயில் நிறுவனம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெண், மேற்பார்வையாளர் மேல் புகார் செய்தபின் தண்டவாளக் கூலி வேலைக்கு மாற்றப்பட்டார். பிறகு 37 நாள் சம்பளமின்றி இடைநீக்கம். சம்பளத்தைத்தான் பின்னால் கொடுத்துவிட்டோமே என்றது நிறுவனம். நியாயமான ஒரு தொழிலாளியைப் புகார் செய்யவிடாமல் தடுக்கக்கூடிய எதுவும் பழிவாங்கல்தான் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யாருக்குப் பொருந்தாது

இனி ஓட்டைகள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களைத் தொடாது. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைந்த நிறுவனங்களை விட்டுவைக்கிறது. இலங்கையில் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் போகலாம். ஆனால் அது அரசின் செயல்களுக்கு எதிராக மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள்.

இந்தியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கட்டுப்படுத்துவது அரசு வேலையை. தனியார் துறைக்கு எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஊதியத்திலும் ஆளெடுப்பிலும் பால் வேறுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு, திருநர்களுக்கு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எனத் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் தனியார் நிறுவனம் ஒன்று மதத்தையோ சாதியையோ பார்த்து விண்ணப்பத்தை ஓரம் தள்ளினால், நேரடியாகப் போய்த் தட்டக் கதவு கிடைப்பது கடினம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதி இழிவையும் தாக்குதலையும் தண்டிக்கும். வராத நேர்காணல் அழைப்பை அது என்ன செய்ய முடியும்?

அழைப்பை மனிதர் தடுக்காமல் மென்பொருளும் தடுக்கலாம். அமேசான் சோதித்துப் பார்த்த ஆளெடுப்பு மென்பொருள், பத்து ஆண்டுக் கால விண்ணப்பங்களிலிருந்து கற்றுக்கொண்டு, பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது என்ற செய்தி 2018இல் வெளியானது. நிறுவனம் அதைக் கைவிட்டிருந்தது. மென்பொருளுக்குக் கெட்ட எண்ணம் ஏது? எண்ணத்தைத் தேடும் சட்டம் இங்கே கைவிரித்துவிடும். விளைவைப் பார்க்கும் சட்டத்துக்குத்தான் இதில் வேலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆளெடுப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்ற வகையில் வைத்திருக்கிறது.

காலக்கெடு

நல்ல வழக்குகள் பல, தேதி தவறித்தான் தோற்கின்றன. புகார் செய்ய அமெரிக்காவில் 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். பிரிட்டனில் நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. நிறுவனத்துக்கு உள்ளேயே முறையிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும்போதும் பல இடங்களில் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. ஆகவே நடந்ததைத் தேதியோடு அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்: யார், எங்கே, என்ன சொல், அருகில் யார் இருந்தார்கள். பேச்சில் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேளுங்கள். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வேலையைவிட்டு நீக்க அவர்களுக்கு நீங்களே ஒரு நல்ல காரணம் கொடுத்ததாகிவிடும்.

சம்பள வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்தால்தானே புகார் செய்ய முடியும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை இந்த ரகசியத்தைத்தான் உடைக்கப் பார்க்கிறது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆண்களும் பெண்களும் சராசரியாக என்ன வாங்குகிறார்கள் என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு. விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்ற தடை முதலாளிக்கு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு அப்படிக் கேட்க வழியிருக்கவில்லை. 1979இல் சேர்ந்தவர். ஓய்வு நெருங்கும்போது, பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு மூலம்தான் விஷயம் தெரிந்தது. 1997 முடிவில் அவருக்கு மாதம் 3727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4286. அதிகம் வாங்கியவருக்கு 5236. ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது: சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்த 180 நாளுக்குள் அவர் புகார் செய்திருக்க வேண்டுமாம். அவருக்கோ அது அப்போது தெரியவே தெரியாது. 2009 ஜனவரியில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொரு குறைந்த சம்பளக் காசோலையும் புதிய பாகுபாடு, ஒவ்வொன்றிலிருந்தும் 180 நாள் புதிதாகத் தொடங்கும் என்றானது. ஒபாமா அதிபரானதும் கையெழுத்திட்ட முதல் சட்டம் அது. லெட்பெட்டரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அவருடைய வழக்கு அதற்குள் முடிந்துபோயிருந்ததால் ஒரு டாலரும் கிடைக்கவில்லை. ஓய்வூதியமும் அந்தக் குறைந்த சம்பளத்தைக் கணக்கிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது.